பின்னணியில் பூப் போடுகிறவன்

வேலியிலிருந்துதான் யுவனேஷ் தொடங்குவான். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீர். திரையில் இருக்கும் படத்தில் அவனும் மனைவி நிரஞ்சினியும் வாடகை வீட்டின் பின்முற்றத்தில் துணி காயப்போடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், சிட்னியின் செவன் ஹில்ஸில் எல்லா வீடுகளுக்கும் பின்னால் நிற்கிற அதே சாம்பல் நிறத் தகர வேலி. சுட்டியைப் பிடித்து வேலியின் விளிம்போடு மெல்ல நகர்கிறான். நிரஞ்சினியின் காற்றில் கலைந்த தலைமுடிக்கு அருகே வரும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறான். ஒரு முடிகூட வெட்டுப்பட்டுவிடக் கூடாது. வேலி தனியாகப் பிரிந்து வந்ததும், சேர்த்துவைத்திருக்கும் டிசைன்களில் ஒன்றைத் தேடி எடுத்து அதற்குள் ஊற்றுகிறான். ஆரஞ்சுப் பூக்கள், நடுவே கரும்பச்சைக் கொடிகள். தகர வேலி ஒரு நொடியில் புடவைக் கடையாகிவிடுகிறது.

"இப்ப பாரு நிரு. மொதல்ல எவ்ளோ கோசோங்கா இருந்துச்சு."

கோசோங் என்றால் மலாயில் வெறுமை, ஒன்றுமில்லாதது. சர்க்கரையும் பாலும் இல்லாத தேநீருக்கு அவன் பிறந்த மலாய் நாட்டு ஊரான கூலிமில் அந்தப் பெயர்தான். யுவனேஷ் அதைச் சுவருக்கும் சொல்வான், வானத்துக்கும் சொல்வான், கார் நிறுத்துமிடத்துக்கும் சொல்வான். முப்பத்து மூன்று வயதில் அவனுக்கு இந்த உலகத்தின் மேல் இருக்கும் ஒரே குறை, அதில் பின்னணிகள் சரியாக முடிக்கப்படவில்லை என்பதுதான்.

அவனுடைய வேலையும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடையில், பெயிண்ட் கலந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் வாரத்தில் ஐந்து நாள் நிற்கிறான். வேதியியல் படித்தவன். நிறங்களின் பெயரும் எண்ணும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் வருகிறவர்கள் கேட்பது வெள்ளை. சாயத்தைப் பாதியாகக் குறைத்த வெள்ளை, காலாகக் குறைத்த வெள்ளை, கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை, வெண்ணெய் கலந்தாற்போல வெள்ளை. ஒரு துளிச் சாயத்தை டின்னுக்குள் விழவைத்து, மூடியைச் சுத்தியலால் தட்டி மூடி, இயந்திரத்தில் குலுக்கி, மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்துக் காட்டுவான். வாடிக்கையாளர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் வெள்ளையாக வேண்டும்" என்பார்.

"பாத்தேக் பூச்சட்ட போட்ட ஊர்ல பொறந்துட்டு, நாள் பூரா இருவத்தி ரெண்டு வெள்ள கலக்குறேன் லா," என்பான். புகார் மாதிரி ஒலிக்காது. ஏதோ நேற்றுக் கண்ட கனவைச் சொல்கிறவன் குரலில் சொல்வான்.

டிசைன்களை அவன் இணையத்தில் இறக்குவதில்லை. தானே பிடிக்கிறான். ரயில் இருக்கையின் துணி, கேக் கடைக் காகிதம், யாரோ வாசலில் போட்டிருக்கும் கால்மிதி, பிளாக்டவுன் ரயில் நிலையத்தில் படியிறங்கும் ஆப்பிரிக்கப் பெண்மணியின் பாவாடை, எல்லாம் அவன் கைபேசிக்குள் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கோயிலில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "அங்கிள், ஒங்க சட்டைய மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கவா? மூஞ்சி வராது," என்று கேட்டிருக்கிறான். அவரும் திகைத்துப்போய், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் அவனோடு போவது கஷ்டம். பேசிக்கொண்டே வருவான், பிறகு பேச்சு நின்றுவிடும். கண்ணாடிக்கு வெளியே ஓடும் கிடங்குச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சுவர்களில் மீன் செதில்கள் முளைப்பதும், தாமரைகள் ஒன்றன் பின் ஒன்றாக விரிவதும், அடுத்த கிடங்கு வந்ததும் அவை கலைந்து சங்குகளாக மாறுவதும் அவனுக்கு மட்டும் தெரியும். இறங்கவேண்டிய நிலையம் போய்விடும். இரண்டு நிலையம் தள்ளி இறங்கி, எதிர்ப் பக்கம் நின்று, நிதானமாகத் திரும்பி வருவான்.

படங்களில் முகத்தையும் கையையும் அவன் தொடுவதில்லை. மற்றதெல்லாம் அவனுக்கு இடம். இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடிந்ததும் பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்துவிடுவான். மூலப் படத்தை வைத்துக்கொள்வதில்லை. ஏன் என்று நிரஞ்சினி ஒருமுறை கேட்டதற்கு, "ரெண்டு இருந்தா எது நெசம்னு கொழப்பம் வரும்ல?" என்றான். அவளுக்குப் படம் எடுக்கும் பழக்கமே இல்லை. அவர்கள் சேர்ந்திருக்கும் படங்கள் எல்லாம் அவன் கைபேசியில்தான் பிறந்தன. அங்கேயே பூப் பூத்து முடிந்தன.

அந்தப் பழக்கம்தான் ஒரு வருடம் முன்னால் அவனை மாட்டிவைத்தது.

யுவனேஷ் சிட்னிக்குத் தெற்கே வெகு தொலைவில் இருக்கும் கிளேட்டனில் படிக்க வந்த மாணவன். நிரஞ்சினி கிரான்பர்னில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவள். ஒரே ரயில் தடத்தில் அவளுடைய ஊர் கடைசி நிலையம். அவனுடையது பாதி வழியில். அப்படித்தான் பழக்கம். அவனுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தபோது மாணவர் விசா முடிய மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டு சாட்சிகளை வைத்து அவசரமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நிரஞ்சினியின் தாய் நாகேஸ்வரிக்கு ஒரே மகள். கோயில், மேளம், லண்டனிலிருந்து தங்கச்சிமார் என்று அவர் மனதில் ஒரு கல்யாணம் வைத்திருந்தார். செய்தியைத் தொலைபேசியில் கேட்டதும், "விசாவுக்குக் கட்டினவன் எத்தனை நாளைக்கு இருப்பான் எண்டு பாப்பம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மகளோடு சுருக்கமாகக் கதைப்பார். மருமகனோடு ஒரு சொல்லும் இல்லை.

மனைவி வழியில் கிடைத்த தற்காலிக விசா இரண்டு ஆண்டு ஓடி, நிரந்தர விசாவுக்கான கட்டம் வந்தது. இவர்கள் உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று அரசாங்கம் கேட்கிறது. அதற்குப் படங்களும் வேண்டும். குடிவரவு முகவர் முரளிதரன் தஞ்சாவூர்க்காரர், பரமட்டாவில் அலுவலகம். யுவனேஷ் பெருமையோடு அனுப்பிவைத்த நாற்பத்து மூன்று படங்களையும் பெரிய திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பத்தாவது படத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது என்ன, வால்பேப்பர் கடையா?"

"இல்ல சார். எங்க போட்டோதான்."

"அது தெரியுது. நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. எங்க இருக்கீங்க? கடற்கரையா, கடையா, வீடா? எல்லாத்துக்கும் பின்னாடி பூ போட்டு வச்சிருக்கீங்களே. ஸ்டூடியோல ஒரே நாள்ல எடுத்து ஒட்டுன மாதிரி இருக்கு. இதப் பாக்கிற ஆபீசர் என்ன நினைப்பாரு? ஒரிஜினல் குடுங்க."

யுவனேஷ் தரையைப் பார்த்தான். நரைத்த கம்பளம். டிசைன் ஏதும் இல்லை.

"ஒரிஜினல் இல்ல சார்."

முரளிதரன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, ஒருவேளை மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியர் இப்படித்தான் இருப்பாரோ என்று தோன்றும்படி, ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "இனிமே ஒரு படத்தையும் தொடாதீங்க. திருப்பி மாத்தவும் கூடாது, அது மோசடி ஆயிடும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. ரெண்டு பேரும் உக்காந்து எழுதுங்க. ஞாபகம் இருக்கிறத மட்டும். நான் அத சத்தியக் கடுதாசியா போட்டுர்றேன்."

ஆகவே அந்தக் குளிர்காலத்து ஞாயிறுகளில் மடிக்கணினி மூடியே கிடந்தது. யுவனேஷ் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தான். கூலிம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அவன் தமிழில் எழுதுவான். நிரஞ்சினி அதை ஆங்கிலத்தில் தட்டுவாள்.

'படம் 7. ஊதா வட்டங்களுக்குப் பின்னால் இருப்பது பிளாக்டவுன் பேருந்து நிறுத்தம். மழை பெய்தது. என் மனைவியின் கையில் இருப்பது பாதி தின்ற கறி பஃப். மறு பாதி என் வாயில் இருக்கிறது.'

'படம் 12. மஞ்சள் சாய்சதுரங்களுக்குப் பின்னால் எங்கள் கார் கொட்டகைக் கதவு. அதில் முந்திய குடித்தனக்காரரின் கார் இடித்த பள்ளம் ஒன்று உண்டு. அது எங்கள் குற்றம் அல்ல.'

எழுத எழுத அவனுக்கு ஒன்று விளங்கியது. தான் மூடிய எதையும் அவன் மறந்திருக்கவில்லை. வேலியைத் தேர்ந்தெடுக்கவேண்டுமானால் வேலியின் ஒவ்வொரு மடிப்போடும் சுட்டியைக் கொண்டுபோயிருக்கவேண்டும். வெறுமை என்று அவன் நினைத்த ஒவ்வொரு சுவரையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறான். கண்ணை மூடினால் மீன் செதில்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடியில் தார் ரோடு, எண்ணெய்க் கறை, யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி எல்லாம் ஈரத்தோடு எழுந்து வந்தன.

சிட்னிக்கு மேற்கே நீலமலை போன நாளின் படத்தில் மட்டும் அவன் நின்றான். அங்கே பின்னணி முழுக்க மயிலிறகு.

"இங்க ஒண்ணுமே இல்ல நிரு. அன்னைக்கு ஒரே பனி. மலையே தெரியல. அதான் போட்டேன்."

"ஒண்டும் தெரியேல்லத்தான்," என்றாள் நிரஞ்சினி. "அது எவ்வளவு வடிவா இருந்தது. நீங்கள் பக்கத்தில நிக்கிறதே எனக்குக் கையைப் பிடிச்சபடியாத்தான் தெரிஞ்சது."

அவன் பேனாவைக் கீழே வைத்து அவளைப் பார்த்தான். அந்தப் பனியை அவள் விரும்பினாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். பிறகு எழுதினான்: 'படம் 19. மயிலிறகுகளுக்குப் பின்னால் மூடுபனி. மூடுபனிக்குப் பின்னால் மலை. நாங்கள் மலையைப் பார்க்கவில்லை.'

முப்பத்தோராவது படத்துக்கு வந்தபோது நிரஞ்சினி எழுந்து போய் யன்னலோரம் நின்றுகொண்டாள்.

திருமணம் பதிந்த அடுத்த வாரம் இருவரும் கிரான்பர்னுக்குப் போயிருந்தார்கள். ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மணியை அடித்தார்கள். தாயின் கார் வாசலில் நின்றது. கதவு திறக்கவில்லை. இருபது நிமிடம் குளிரில் நின்றார்கள். புறப்படும்போது நிரஞ்சினிதான், "ஒரு படம் எடுப்பம். வந்தனாங்கள் எண்டதுக்கு," என்றாள். கைபேசியை நீட்டிப் பிடித்து, மூடிய கதவுக்கு முன்னால் இருவரும் சிரித்தார்கள். சிட்னிக்கு வந்த பிறகு அந்தப் படம் கண்ணில் படும்போதெல்லாம் அவள் பேச்சு அடங்கிப்போவதை யுவனேஷ் கவனித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவின் மேல் செவ்வந்திப் பூக்களை ஊற்றிவிட்டான். அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"அது எங்கட வீட்டுக் கதவு," என்றாள் இப்போது, யன்னலைப் பார்த்தபடி. "பள்ளிக்கூடத்தால வந்து துறக்கேக்க திறப்பு வழுக்கி வழுக்கி, பூட்டுக்குக் கீழ கீறல் இருக்கும். எல்லாம் நான் கீறினது. திரும்ப அந்த வீட்டுக்குள்ள போவனோ தெரியாது, படத்தில எண்டாலும் இருக்கட்டும் எண்டு நினைச்சனான். நீங்கள் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்ல, யுவன்."

"நீ அதப் பாத்துப் பாத்து அழுவேன்னுதான்..."

"ஓம். அழுதிருப்பன். அது என்ர அழுகைதானே."

யுவனேஷ் பயிற்சிப் புத்தகத்தை மூடினான். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பெயிண்ட் துவாலையில் துடைத்துத் துடைத்துத் தோல் காய்ந்த கைகள். மன்னிப்புக் கேட்கலாம், கேட்டான். அது அந்த அறைக்குள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவள் சமைக்கும்போது தனியாக உட்கார்ந்து, தன்னால் இயன்ற ஒரே காரியத்தைச் செய்தான். அந்தக் கதவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். பூட்டுக்குக் கீழே இருந்த கீறல்கள் பதினொன்று, அவற்றில் ஒன்று வளைந்தது. அழைப்பு மணியின் பித்தளை விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. கதவின் நிறம் பச்சை; கிளிப் பச்சை இல்லை, பாசிப் பச்சையும் இல்லை, முற்றாத வாழையிலையில் மழை பெய்த பச்சை. 'இந்தக் கதவுக்கு முன்னால் என் மனைவி சிரித்தாள். சிரிப்பதற்கு முன் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கைக்குட்டை என்னுடையது.'

நிரஞ்சினி அந்தப் பக்கங்களை ஆங்கிலத்தில் தட்டும்போது இரண்டு முறை நிறுத்தினாள்; ஒரு முறை 'பச்சை' என்ற சொல்லில், ஆனால் அவன் பார்த்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு அவனுக்குச் சொல்லாமல், பயிற்சிப் புத்தகத்தின் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படம் பிடித்துத் தாயின் கைபேசிக்கு அனுப்பிவைத்தாள்.

நான்கு நாள் கழித்து, யுவனேஷ் ஒரு டின் வெள்ளையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு எடுத்தான்.

"நான் நாகேஸ்வரி கதைக்கிறன்."

"வணக்கம் அன்ரி. பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். கூலிமில் யாரைக் கண்டாலும் அதுதான் முதல் கேள்வி.

"ஓம்... சாப்பிட்டனான்," என்றார் அவர். பிறகு, "தம்பி, நீர் எழுதினது முழுக்க வாசிச்சனான். கீறலும் எண்ணிப் பாத்தனான், பதினொண்டு சரி. ஆனா கதவு பச்சை இல்லை. நீலம்."

"இல்ல அன்ரி, பச்சதான். நான் பாத்தேன்."

"இருவது வரியமா நான் துடைக்கிற கதவு. நீலம். கவுன்மெந்துக்குப் பிழையா எழுதிக் குடுக்கக் கூடாது. வந்து பாத்திட்டு எழுதும்."

வைத்துவிட்டார். யுவனேஷ் கைபேசியைப் பிடித்தபடி நின்றான். எதிரே வாடிக்கையாளர் தன் வெள்ளைக்காகக் காத்திருந்தார். அவன் வாழ்க்கையில் நிறத்தைப் பற்றி அவனைத் திருத்திய முதல் ஆள் மாமியார்தான்.

விசா கிடைத்ததைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலாக வந்தது. முரளிதரன் அந்த நாற்பத்து மூன்று குறிப்புகளைப் பற்றி, "இப்படி ஒரு ஃபைல் நான் போட்டதே இல்ல தம்பி," என்றார். ஆனால் யுவனேஷ் இந்தக் கதையை யாருக்காவது சொல்லும்போது விசாவுக்கு அரை வாக்கியம்தான் கொடுப்பான். அவன் சொல்வது, அந்த அழைப்புக்கு அடுத்து வந்த செப்டம்பரில் கிரான்பர்னுக்குப் போன நாளைத்தான்.

காரில் போனார்கள். கோல்பர்ன் தாண்டி, இன்னும் தெற்கே, சாலையின் இரு பக்கமும் கனோலா வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. மலைச்சரிவு வரை மஞ்சள்; அதற்கு மேல் வானம். யுவனேஷ் ஒரு படமும் எடுக்கவில்லை. அவனுக்கு அங்கே வேலை இல்லை. நிரஞ்சினி காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களை இருக்கையில் மடித்து உறங்கினாள். எழுந்தபோதும் மஞ்சள் முடிந்திருக்கவில்லை. "இன்னும் கனவுதானோ?" என்றாள். இரவை வழியில் ஒரு விடுதியில் கழித்துவிட்டு, மறுநாள் நண்பகலில் கிரான்பர்னை அடைந்தார்கள்.

நாகேஸ்வரி வாசலிலேயே நின்றார். அவன் நினைத்ததைவிடச் சிறிய உருவம். மகளைப் பார்த்தார், ஆனால் முதலில் வேலை என்பது போல, வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் இழுத்து மூடினார், நிறம் தெரியட்டும் என்று. மூன்று பேரும் மூடிய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

யுவனேஷ் கடையிலிருந்து கொண்டுவந்த நிற அட்டைக் கட்டை விசிறி போல விரித்தான். பச்சைகளைக் கதவின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை. நீலத்துக்குப் போனான். மூன்றாவது நீலத்தில் அட்டையின் விளிம்பு கதவுக்குள் மறைந்தது.

"நீலம்தான் அன்ரி," என்றான். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"சொன்னனான்தானே."

ஆனால் அவனால் அதை அப்படியே விட முடியவில்லை. தொழில் அது. ஒரு அடி பின்னால் போனான், தலையைச் சாய்த்தான், மேலே பார்த்தான். கதவு நிலைக்கு மேலே பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மஞ்சள் பல்ப்.

"ஆங்... இதான். அன்னைக்கு இந்த லைட்டு எரிஞ்சுச்சு அன்ரி. மஞ்ச லைட்டு விழுந்தா இந்த நீலம் பச்சையாத்தான் தெரியும். நாங்க வந்தப்ப இருட்டா இருந்துச்சு. பெல் அடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எரிஞ்சுச்சு."

"ஆள் நிண்டாத் தானா எரியிற மாதிரி இப்ப மாத்தியாச்சுப்போல," என்றாள் நிரஞ்சினி. "சென்சர்."

நாகேஸ்வரி கதவின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் தூசி ஏதும் இல்லை.

"சென்சரும் இல்லை ஒண்டும் இல்லை. சுவிச் உள்ளுக்கு இருக்கு." கைப்பிடியை இன்னொரு முறை துடைத்தார். "நான்தான் போட்டனான். இருட்டுக்க நிண்டனீங்கள்."

பிறகு கதவைத் திறந்து, அகலமாகத் திறந்தபடி விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். குசினிப் பக்கம் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

நிரஞ்சினி படிக்கட்டில் அசையாமல் நின்றாள். யுவனேஷ் நிற அட்டைகளை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு அவள் முன்னால் முழங்காலிட்டு, அவளுடைய காலணி நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.